கூம்பு நத்தைகளுக்கு எத்தனை பேரினங்கள்?

ஒன்று, நான்கு, நூற்றுக்கும் மேல். கூம்பு நத்தைகளை எத்தனை பேரினங்களாக, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழுக்களாக, பிரிப்பது என்ற கேள்விக்கு, துறையில் ஊறிப்போனவர்கள் எழுத்தில் கொடுத்திருக்கும் விடைகள் இவை. ஒரு தரப்பிடம் சான்று இருந்தது, இன்னொரு தரப்பிடம் இல்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலும் எல்லோரும் பார்த்தது அதே ஓடுகளைத்தான், அதே பற்களைத்தான். பிறகு ஏன் இவ்வளவு தூரம் விலகிப்போனார்கள்? நெடுநாளாக நான் பின்தொடர்ந்து வரும் விவாதம் இது, வாசிக்க வாசிக்கப் பிடித்துப்போனதும்கூட. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு பேரினம் போதும் என்பவர்கள் பக்கம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த விலங்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கூம்பு நத்தைகள் எல்லாமே ஊனுண்ணிகள். வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளிலும் மணலிலும் மிகுதியாக வாழ்கின்றன. ஆழ்கடலிலும் உண்டு, குளிர்ந்த கரைகளிலும் சில உண்டு. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, இரவில் வேட்டைக்குக் கிளம்புபவை பல. நத்தை வேகமாக நகராது. ஆனால் மீனைப் பிடிக்கும் கூம்பு நத்தைகள் இருக்கின்றன. மற்ற நத்தைகள் உணவைச் சுரண்டி எடுக்கப் பயன்படுத்தும் ராடுலா என்ற பல்வரிசை, இவற்றில் உள்ளே குழலாகச் சுருண்ட தனித்தனி ஈட்டிகளாக மாறியிருக்கிறது. நீட்சி அடையும் தும்பிக்கையின் நுனியில் ஒரு பல்லை ஏந்தி, இரையின் உடலில் பாய்ச்சி, அதன் வழியே நஞ்சைச் செலுத்துகிறது நத்தை. ஒரு முறை பயன்பட்ட பல் மறுபடி உதவாது. அடுத்த வேட்டைக்கு அடுத்த பல். ராடுலாப் பையில் இப்படிப் பல பற்கள் வெவ்வேறு வளர்ச்சி நிலையில் காத்திருக்கும்.

பெரும்பாலான இனங்கள் கடற்புழுக்களைத் தின்பவை. ஒரு பகுதி மற்ற நத்தைகளைத் தின்கின்றன. இன்னொரு பகுதிதான் மீன் தின்பவை. மனிதரைக் கொன்ற கோனஸ் ஜியோகிராஃபஸ் இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. நத்தை மீனைத் தின்னுமா என்ற ஐயத்தை நேரடிச் சான்றோடு தீர்த்துவைத்தவர் ஆலன் கோன். ஹவாய்க் கடலில் கிடைத்த கோனஸ் ஸ்ட்ரையாட்டஸ் மீனைக் குத்தி விழுங்குவதை அவர் 1956-ல் எழுதினார். அதன் பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் கூம்பு நத்தைகளுக்கே கொடுத்தவர். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். விலங்குகளுக்குப் பெயரிடும் முறையின் தொடக்கமாக இன்றும் எண்ணப்படுவது, சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட தொகுப்பின் பத்தாம் பதிப்பு. கோனஸ் என்ற பேரினம் அதிலேயே இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ முப்பது இனங்கள். பேரினத்துக்கு அடையாளமாக நிற்கும் வகை இனம் கோனஸ் மார்மோரியஸ். கறுப்பில் வெள்ளை முக்கோணங்கள் பதித்தது போன்ற ஓடு. லின்னேயஸுக்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1650-ல், ரெம்ப்ராண்ட் இதே ஓட்டைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருக்கிறார். அச்சில் படம் இடவலமாகத் திரும்பிவிடும் என்பதால் தன் கையெழுத்தைத் திருப்பிச் செதுக்கியவர், ஓட்டை அப்படிச் செய்யவில்லை. அதனால் அந்தப் படத்தில் ஓடு இடப்பக்கமாகச் சுருள்கிறது. இன்று வாழும் கூம்பு நத்தைகளில் அப்படி ஒன்று கிடைப்பது மிக மிக அரிது. இடச்சுருள் இயல்பாகவே அமைந்த ஓர் இனம் புதைபடிவத்தில் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கிடைக்கும் அட்வெர்சேரியஸ் அது.

ரெம்ப்ராண்ட், லின்னேயஸ் இருவருமே ஓட்டை மட்டும் பார்த்தவர்கள். உள்ளே வாழ்ந்த உயிரைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் வெகு குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கூம்பு ஓடுகள் செல்வந்தர்களின் பேழைகளில் இருந்த பண்டம். பீட்டர் லியோனே என்ற டச்சுக்காரரின் சேகரிப்பு அவர் இறந்தபின் ஏலத்துக்கு வந்தது. அவரிடம் இருந்த வெர்மீர் ஓவியம் ஒன்றுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு விலை, கோனஸ் செடோனுல்லி என்ற ஒற்றை ஓட்டுக்குக் கிடைத்தது. 1777-ல் விவரிக்கப்பட்ட கோனஸ் குளோரியாமாரிஸ் அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு மிக அரிய ஓடாகவே கருதப்பட்டது. 1969-ல் சாலமன் தீவுகளின் குவாடல்கனால் பக்கத்தில் மூழ்காளர்கள் அதன் வாழிடத்தைக் கண்டுபிடித்ததும் அந்த நிலை மாறியது. அரிதாக இருந்தது நத்தை அல்ல, அது வாழும் ஆழத்துக்குப் போன மனிதர்கள்தான்.

இந்த ஏலக்கூடக் காலத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூம்பு நத்தைகளின் வகைப்பாடு இந்தச் சேகரிப்பாளர்களின் கையில் பிறந்தது. ஹ்வாஸ் என்ற சேகரிப்பாளர் எழுதிவைத்த விவரங்களை புரூகியேர் 1792-ல் தன் தொகுப்பில் வெளியிட்டார். இன்றும் எத்தனையோ கூம்பு நத்தைகளின் பெயருக்குப் பின்னால் இவ்விருவர் பெயரும் அந்த ஆண்டும் சேர்ந்தே நிற்கின்றன. அழகான ஓடு, சற்றே வேறு நிறம், சற்றே வேறு புள்ளி என்றால் உடனே ஒரு புதுப் பெயர். ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் குவிந்தன. எந்தப் பெயர் எந்த ஓட்டைக் குறித்தது என்று கண்டுபிடிக்க, மூல மாதிரிகளைத் தேடி அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளுக்குப் போகவேண்டியிருந்தது. அந்த வேலையை 1960-களில் பொறுமையாகச் செய்தவர் கோன். லின்னேயஸ் விவரித்த இனங்களில் தொடங்கி, ஒவ்வொரு பெயராக எடுத்து, அதற்குரிய மாதிரி எது, இன்று அது எந்த இனம் என்று தீர்மானித்தார். வகைப்பாட்டியலில் யாரும் கைதட்டாத வேலை இது. இது இல்லாவிட்டால் பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் எதற்கும் பெயர் ஒட்ட முடியாது.

ஓட்டை வைத்தே வகைப்படுத்துவதில் என்ன சிக்கல்? கூம்பு நத்தையின் ஓடு பார்வைக்கு எவ்வளவு வளமானதோ, உறவைச் சொல்வதில் அவ்வளவு ஏமாற்றக்கூடியது. ஒரே இனத்துக்குள் நிறமும் கோலமும் தாராளமாக மாறும். நெருங்கிய உறவில்லாத இரண்டு இனங்கள் கிட்டத்தட்ட ஒரே கோலத்துக்கு வந்து சேரும். அந்தக் கோலம் உயிரோடு இருக்கும் நத்தையில் பல நேரம் வெளியே தெரிவதே இல்லை. பெரியோஸ்ட்ராகம் என்ற பழுப்புத் தோல் அதை மூடியிருக்கும். போதாததற்கு நத்தை மணலுக்குள் வேறு கிடக்கும். யாரும் பார்க்காத ஓவியம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஓடு வளர வளர விளிம்பில் நிறமி எங்கே சுரக்கிறது, எங்கே நிற்கிறது என்பதன் பதிவுதான் கோலம். மேன்டில் என்ற சதை மடிப்பின் நரம்பு வலை அதைக் கட்டுப்படுத்துகிறது என்ற மாதிரியை வைத்து, 2012-ல் ஓர் ஆய்வுக்குழு மூதாதை இனங்களின் கோலம் எப்படி இருந்திருக்கும் என்றுகூடக் கணினியில் வரைந்து பார்த்தது.

ஓட்டின் உட்புறம் இன்னும் வியப்பு. கூம்பு நத்தை வளரும்போது, தன் பழைய உட்சுருள்களின் சுவரைக் கரைத்துக் கரைத்து மெல்லியதாக்கிவிடுகிறது. வெளிச்சுவர் தடித்தே இருக்கும். உள்ளே இடம் கூடுகிறது, வெளியே காப்பு குறைவதில்லை. கோன், மையர்ஸ், மீனாட்சி மூவரும் 1979-ல் இதை எழுதினார்கள். ஓடு என்பது ஒரு முறை கட்டி முடித்துவிட்ட வீடு என்று நினைத்திருந்த எனக்கு, அந்தக் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்த பிறகு வேறு எந்த நத்தை ஓட்டையும் பழையபடி பார்க்க முடியவில்லை.

அடுத்து, பல். ஓடு ஏமாற்றினால் பல்லைப் பார்க்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலேயே தோன்றிவிட்டது. 1895-ல் ருடால்ஃப் பெர்க் கூம்பு நத்தைகளின் பற்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பல் உணவோடு இறுகப் பிணைந்தது. மீன் தின்பவற்றின் பல்லில் கொக்கி போன்ற முள் இருக்கும். நத்தை தின்பவற்றின் பல் நீளமாக, ஒல்லியாக இருக்கும். புழு தின்பவற்றில் வேறு வேறு வடிவங்கள். வகைப்பாட்டுக்கு நல்ல துப்புதான். ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். ஒரே உணவைத் தின்னும் தொலை உறவுகள் ஒரே மாதிரிப் பல்லை நோக்கிப் போகக்கூடும். கோனஸ் மாகஸை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நத்தை மீன் தின்கிறது. குஞ்சு நத்தை புழு தின்கிறது. அதற்கேற்ற வேறு வடிவப் பல்லோடு திரிகிறது. இதை 1988-ல் எழுதினார்கள். பல்லை மட்டும் வைத்துப் பிரித்தால், குஞ்சையும் தாயையும் வெவ்வேறு பெட்டியில் போட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும், இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை பெரும்பாலானோர் எல்லாக் கூம்பு நத்தைகளையும் கோனஸ் என்ற ஒரே பேரினத்துக்குள்தான் வைத்திருந்தார்கள். அவ்வப்போது யாராவது ஒரு துண்டைப் பிரித்து எடுப்பார்கள். மான்ட்ஃபோர்ட் 1810-லேயே சில பெயர்களை முன்வைத்தார். அதில் சிலிண்டர் என்பது கோனஸ் டெக்ஸ்டைலுக்கான பேரினம். மோர்ச் 1852-ல் வேறு சில, இருபதாம் நூற்றாண்டில் ஐர்டேல் வேறு சில. வாழ்பவை, புதைபடிவங்கள் எல்லாம் சேர்த்து, பேரின அளவில் பயன்படுத்தத்தக்க பெயர்கள் சுமார் 140 குவிந்தன. ஆனால் இந்தப் பிரிவுகளின் எல்லை எங்கே என்று யாராலும் மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. 1995-ல் ரோக்கெல், கோர்ன், கோன் மூவரும் இந்தோ-பசிபிக் கூம்பு நத்தைகளைப் பற்றிப் பெரும் கையேடு வெளியிட்டபோதும் எல்லாமே கோனஸ்தான். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன்.

2009-ல் டக்கரும் டெனோரியோவும் ஒரே வீச்சில் அதை மாற்றினார்கள். ஓடு, பல் என எல்லாப் பண்புகளையும் சேர்த்து, வாழ்பவற்றையும் புதைபடிவங்களையும் சேர்த்து, ஐந்து குடும்பங்கள் (பேரினத்துக்கு மேற்பட்ட பிரிவு), 115 பேரினங்கள் என்று பிரித்தார்கள். கோனஸ் மாகஸ் அவர்கள் வகைப்பாட்டில் பயோனோகோனஸ் மாகஸ் ஆனது. டெக்ஸ்டைல் மறுபடி சிலிண்டருக்குப் போனது. பதிலுக்கு எதிர்ப்பு வந்தது உண்மை. ஆனால் இந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதற்கு முன் யாரும் இந்த முழுக் கூட்டத்தையும் ஒரே கண்ணால், ஒரே அளவுகோலால் பார்த்ததில்லை. சேகரிப்பாளர்கள் பலர் அதை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். கையில் இருக்கும் ஓட்டைப் பார்த்து ஒரு சின்னக் கூட்டத்துக்குள் வைக்க முடிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

மரபணுத் தரவு அதன் பின்னால் வந்தது. 2014-ல் புயாந்தரும் கூட்டாளிகளும் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு பெரிய உறவு மரத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, 329 இனங்களின் தரவோடு, அந்த மரத்தின் மேல் ஒரு வகைப்பாட்டைக் கட்டினார்கள். ஆசிரியர்கள் ஐந்து பேர்: புயாந்தர், டூடா, மேயர், ஒலிவேரா, பூஷே. கூம்பு நத்தைகள் தெளிவாக நான்கு பெரும் கிளைகளாகப் பிரிந்து நின்றன. ஆகவே ஒரே குடும்பம், நான்கு பேரினங்கள்: கோனஸ், கோனாஸ்பிரெல்லா, புரொஃபண்டிகோனஸ், கலிஃபோர்னிகோனஸ். இவற்றில் கோனஸுக்குள் மட்டும் அறிந்த இனங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு.

இந்த நான்கில் என் மனம் அதிகம் நிற்பது கலிஃபோர்னிகோனஸில். அதில் இருப்பது ஒரே ஓர் இனம், வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் கலிஃபோர்னிகஸ். ஓடு சின்னது, மங்கிய பழுப்பு. ஏலத்தில் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். ஆனால் அது மீனையும் தின்னும், புழுவையும் தின்னும், நத்தையையும் தின்னும். மற்ற இனங்கள் ஒரு வகை இரையில் தேர்ந்து நிற்கும்போது இது எல்லாவற்றையும் வேட்டையாடுகிறது. 1844-ல் ரீவ் பெயரிட்ட நாளிலிருந்து 'இன்னொரு கோனஸ்' என்று ஒதுங்கிக் கிடந்த இந்த நத்தை, மரத்தில் தனக்கென்று ஒரு நெடிய கிளையோடு நிற்பதை மரபணு காட்டிவிட்டது. புரொஃபண்டிகோனஸ் பெரும்பாலும் ஆழ்நீர் நத்தைகள். கோனாஸ்பிரெல்லா அளவில் சிறியவை, பெரும்பாலும் புழு தின்பவை.

இனி விவாதத்தின் மையத்துக்கு வரலாம். இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் ஒன்று, நான்கு, நூறு என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இன்றைய வகைப்பாட்டியலில் ஒரு குழுவுக்குப் பெயர் வைக்க முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. அந்தக் குழுவில் ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் இருக்க வேண்டும். எந்த வாரிசையும் வெளியே விடக்கூடாது. இந்த நிபந்தனையை மீறும் குழுக்களை மரபணு மரம் காட்டிக்கொடுத்துவிடும். 2009-ல் பிரித்த சில பேரினங்கள் அப்படி உடைந்தன. அந்த இடங்களில் தீர்ப்பு எளிது, மரம் சொன்னதைக் கேட்கவேண்டியதுதான். ஆனால் நிபந்தனை நிறைவேறும் இடங்களைப் பாருங்கள். கூம்பு நத்தைகள் எல்லாவற்றையும் ஒரே பேரினத்தில் வைத்தாலும் அது ஒரு மூதாதையின் முழுக் குடும்பம்தான். நான்காகப் பிரித்தாலும் நான்கும் அப்படியே. ஒவ்வொரு சிறு கிளைக்கும் ஒரு பேரினம் கொடுத்து நூறாக்கினாலும், கவனமாக வெட்டினால் நூறும் அப்படியே. மரம் மூன்றையும் அனுமதிக்கிறது. யார் யாருக்கு உறவு என்பது கண்டுபிடிப்பு. எந்தக் கிளைக்குப் பேரினம் என்ற பட்டம் என்பது முடிவு. முன்னதில் தவறு செய்யலாம். பின்னதில் பயனுள்ள முடிவு, பயனற்ற முடிவு என்றுதான் பேச முடியும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? எனக்கு மிக வலுவாகத் தோன்றும் காரணம், பெயரைப் பயன்படுத்துகிறவர்கள். கூம்பு நத்தைகளின் நஞ்சு ஒரு தனி உலகம். ஒவ்வோர் இனத்தின் நஞ்சிலும் நூற்றுக்கணக்கில் பெப்டைடுகள் என்ற குட்டிப் புரதங்கள் இருக்கலாம்; இனத்துக்கு இனம் கலவை மாறும். கோனஸ் மாகஸின் நஞ்சிலிருந்து யூட்டா பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்த ஒரு பெப்டைடு, ஜிகோனோடைடு என்ற வலிநீக்கியாகி, 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்ஃபின் போலப் போதைப்பொருள் வகையைச் சேராத மருந்து. தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. கோனஸ் ஜியோகிராஃபஸ் மீன்களை மயக்குவதற்கு இன்சுலினையே ஆயுதமாக வைத்திருக்கிறது என்று 2015-ல் தெரியவந்தது. இரை மீனின் இரத்தச் சர்க்கரை சரிந்து அது செயலற்றுப்போகிறது. நரம்பியல், மருந்தியல், உயிர்வேதியியல் என்று பல துறைகளில் கோனஸ் என்ற பெயரோடு குவிந்திருக்கும் எழுத்து ஏராளம். அந்த நஞ்சுப் பெப்டைடுகளின் பொதுப்பெயரான கோனோடாக்சினுக்குள்ளேயே அது இருக்கிறது. மாகஸை பயோனோகோனஸ் என்றும், டெக்ஸ்டைலைச் சிலிண்டர் என்றும் மாற்றினால், இந்த எழுத்து முழுவதும் ஒரே இரவில் பழைய பெயர்களின் கிடங்காகிவிடும். 2015 கட்டுரையின் ஆசிரியர்களில் பால்டொமேரோ ஒலிவேரா ஒருவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூம்பு நத்தை நஞ்சு ஆய்வைத் தொடங்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவர். பெயரைச் சூட்டுகிறவர்களும் பெயரை நாள்தோறும் புழங்குகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

நஞ்சுக்கும் மரத்துக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. ஓர் இனத்தின் நஞ்சில் பயனுள்ள பெப்டைடு கிடைத்தால், அடுத்து எங்கே தேடுவது? அதன் நெருங்கிய உறவுகளில். எது நெருங்கிய உறவு என்பதை ஓட்டின் அழகு சொல்லாது, மரம் சொல்லும்.

பெயர் மாறினால் என்ன பெரிய தொல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன எடுத்துக்காட்டு. ஓர் இனத்தை அது முதலில் விவரிக்கப்பட்ட பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றினால், விவரித்தவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகவேண்டும். இனப்பெயர் பண்புச்சொல்லாக இருந்தால் அதன் ஈறும் புதுப் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாறவேண்டும். ஜஸ்பிடியஸ் என்ற இனம் கோனஸிலிருந்து கோனாஸ்பிரெல்லாவுக்குப் போனதும் ஜஸ்பிடியா ஆனது இப்படித்தான். ஒன்றிரண்டு என்றால் சரி. பல நூறு இனங்களுக்கு இதைச் செய்து, பின்னர் மரம் திருத்தப்படும்போது மறுபடியும் செய்வது என்றால், பாதிக்கப்படுவது அருங்காட்சியகப் பதிவேடுகளும் தரவுத்தளங்களும் அவற்றை நம்பியிருக்கும் எல்லோரும்.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எழுநூறு இனங்களை ஒரே பெயருக்குள் அடைத்தால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறது? கோனஸ் என்றால் மீன் தின்பதா, புழு தின்பதா, ஆழத்திலா, கரையிலா? ஒன்றும் தெரியாது. இதற்கு 2015 வகைப்பாடு கொடுத்த விடை துணைப்பேரினம். கோனஸுக்குள் 57, கோனாஸ்பிரெல்லாவுக்குள் 11. பயோனோகோனஸ் அழிந்துவிடவில்லை, மாகஸும் அதன் நெருங்கிய உறவுகளும் சேர்ந்த துணைப்பேரினமாக இருக்கிறது. ஜியோகிராஃபஸின் கூட்டம் கேஸ்ட்ரிடியம். டெக்ஸ்டைலின் கூட்டம் சிலிண்டர். நுணுக்கம் வேண்டியவர் துணைப்பேரினப் பெயரையும் நடுவில் சேர்த்து எழுதலாம். வேண்டாதவர் விட்டுவிடலாம், இனத்தின் பெயர் குலையாது. நாளை ஒரு துணைப்பேரினத்தின் எல்லை தவறு என்று தெரிந்தால், அதைத் திருத்தினாலும் ஒரு நத்தையின் பெயர்கூட மாறாது. பிரிப்பவர்களின் அறிவு வீணாகவில்லை, சேர்ப்பவர்களின் நிலைத்தன்மையும் கெடவில்லை. நான் அந்தப் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்தது இனப்பட்டியல். அப்போது ஏற்கப்பட்டிருந்த 803 இனங்களையும் பேரினம், துணைப்பேரினம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் எந்தச் சான்றின் பேரில் அங்கே வைத்தோம், மரபணுவா, பல்லா, வெறும் ஓடா, அந்த ஒதுக்கீட்டை எவ்வளவு நம்பலாம் என்றும் குறித்திருக்கிறார்கள். மரபணுத் தரவு இருந்தது பாதிக்கும் குறைவான இனங்களுக்கே. மீதி எல்லாம் உருவ ஒற்றுமையை வைத்துச் செய்த ஒதுக்கீடு. அதை மூடி மறைக்காமல் வரிசை வரிசையாகச் சொன்ன அந்த ஒழுக்கத்தை, நான் வாசித்த வேறு பல வகைப்பாடுகளில் தேடியிருக்கிறேன்.

பேரினம் ஒரு முடிவு என்றேன். இனம்? அங்கே நிலைமை இன்னும் கூர்மையானது, ஏனென்றால் பாதுகாப்புச் சட்டங்களும் பட்டியல்களும் இனத்தைத்தான் எண்ணுகின்றன. அட்லாண்டிக்கில் இருக்கும் கேப் வெர்டி தீவுக்கூட்டம் இதற்குச் சரியான இடம். அங்கேயே தோன்றி, அங்கே மட்டும் வாழும் கூம்பு நத்தைகள் ஏராளம். பல கூம்பு நத்தைகளின் லார்வாக்கள் நீரில் மிதந்து தொலைவு போகக்கூடியவை. இந்தத் தீவு இனங்கள் அப்படியில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அங்கேயே ஊர்ந்து வாழத் தொடங்கிவிடும். ஆகவே தீவுக்குத் தீவு, சில நேரம் விரிகுடாவுக்கு விரிகுடா, தனித்தனிக் கூட்டங்கள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் சற்றே வேறு கோலம். ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு புதுப் பெயர். 2017-ல் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதிகளை முழுமையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆராய்ந்த ஆஃப்ரிகோனஸ் என்ற தீவுக் கூட்டத்து நத்தைகளில் ஏற்கத்தக்க இனங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

இதை அங்கே உயிர்வளம் குறைவு என்று படிப்பது பெரும் தவறு. இனங்கள் பாதியானாலும் அந்தத் தீவுகளின் கதை அப்படியே இருக்கிறது. ஓட்டை வைத்து மிகையாக வெட்டப்பட்ட எல்லைகள்தான் திருத்தப்பட்டன. ஆனால் பாதுகாப்புக்கு இது நேரடியாக உறைக்கும். 2013-ல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு 632 கூம்பு நத்தை இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 67 இனங்கள் அச்சுறுத்தலில் இருந்தன, அல்லது அதை நெருங்கிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்டவை கிழக்கு அட்லாண்டிக்கில், குறிப்பாக கேப் வெர்டியிலும் செனகலிலும் குவிந்திருந்தன. ஒரு விரிகுடாவில் மட்டும் வாழும் இனம் என்றால், அங்கே ஒரு துறைமுகம் கட்டினால் கதை முடிந்தது. அதே கூட்டம் பரந்து வாழும் ஓர் இனத்தின் ஒரு பகுதி என்றால் பட்டியலில் அதன் இடம் வேறு. எல்லையை எங்கே போடுகிறோம் என்பது, எதைக் காப்பாற்ற முனைகிறோம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. அதனால்தான் ஓட்டை மட்டும் பார்த்து, அவசரத்தில், ஒற்றை மாதிரியோடு வைக்கப்படும் புதுப் பெயர்கள் எனக்குக் கவலை தருகின்றன.

இதற்காக ஓட்டைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. புதைபடிவங்களில் மரபணு கிடையாது. கூம்பு நத்தைகளின் தடம் இயோசீன் காலம்வரை, ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னால் போகிறது. அந்த வரலாறு முழுவதும் ஓடுதான் சாட்சி. ஜோனதன் ஹென்ட்ரிக்ஸ் டொமினிகன் குடியரசில் கிடைத்த புதைபடிவ ஓடுகளைப் புறஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார். இயல்பான ஒளியில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த ஓடுகளில், நிறமி இருந்த இடங்கள் ஒளிர்ந்தன. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த கோலங்கள் மீண்டு வந்தன. 2015-ல் அவர் விவரித்த 28 இனங்களில் 13 புதியவை. ஓடு தனியாக நின்றால் ஏமாற்றும். இன்று வாழும் உறவுகளின் மரபணு மரம் பக்கத்தில் இருந்தால், எந்தப் பண்பை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட முடியும்.

நான்கு என்ற எண்ணும் அப்படியே நின்றுவிடவில்லை. ஓடு சிறுத்த சில நத்தைகள் எந்தக் கிளையில் சேரும் என்பது 2015-லேயே தெளிவாகத் தீராமல் இருந்தது. 2017-ல் டிரெய்லி என்ற குட்டிக் கூம்பு நத்தையின் மரபணுவையும் பல்லையும் சேர்த்துப் பார்த்து, அது நான்கில் எதிலும் அடங்காது என்று காட்டி, பிக்மியோகோனஸ் என்ற புதுப் பேரினத்தை வைத்தார்கள். தனிப் பேரினப் பட்டம் தரும் அளவுக்கு அந்தக் கிளை தனித்து நிற்கிறதா என்பதுதான் கட்டுரையின் கேள்வியே. லிலிகோனஸ், மலகாசிகோனஸ் போன்ற சிறு பேரினங்களும் இப்போது பட்டியலில் இருக்கின்றன. ஏற்கப்பட்ட இனங்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டன.

பிக்மியோகோனஸ் கட்டுரையை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர், நான்கு பேரினம் போதும் என்று 2015-ல் சொன்ன புயாந்தர். இன்னொருவர், 115 பேரினம் வேண்டும் என்று 2009-ல் சொன்ன டெனோரியோ.